வெள்ளைச்சி வயிறு

திருகோணமலை
14.10.2005

மதிப்புக்குரிய சிவகாமிப்பிள்ளை அம்மா அவர்களுக்கு,

என் பெயர் கந்தவனம் சோமசேகரம். வயது ஐம்பது. திருகோணமலையில் நில அளவையாளராகப் பணிபுரிகிறேன். நான் உங்களுக்கு அந்நியன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: உங்கள் தாய், அவரின் தாய், அவருக்கும் தாய் என்று ஏறிச் செல்லும் வழியில் முதலில் நின்ற பெண் யார் என்பதை அறிவது.

சென்ற வருடம் நகரிலுள்ள பழைய ஐரோப்பியர் மயானத்தை அளந்து வரைபடம் ஆக்கினேன். அங்கே மேரி ஆன் ஃபென்விக் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. கடற்படைத் துறைமுக அதிகாரி ஒருவரின் மனைவி. 1838ஆம் ஆண்டு வாந்திபேதியில் இறந்தவர். அவருடைய வழித்தோன்றலான டொரத்தி அம்மையார் இங்கிலாந்திலிருந்து எனக்கு எழுதினார். மேரி ஆனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் கப்பலேற்றப்பட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தனர். கடைக்குட்டி கிளாரா, நான்கு வயதுக்காரி, தாயோடு இறந்துவிட்டாள் என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. ஆனால் அக்காலத்தில் தாயோடு இறந்த பிள்ளையின் பெயரையும் தாயின் கல்லிலேயே வெட்டுவது வழக்கம். அந்தக் கல்லில் கிளாராவின் பெயர் இல்லை.

இனி, உங்களிடம் வந்த காரணம். இவ்வருட ஆவணித் திருவிழாவின்போது வெருகல் கோயில் வீதியில் ஒரு பெண் மற்றொரு பெண்ணை, “போகா அங்கால, வெள்ளைச்சி வயித்துல பிறந்தவளே” என்று ஏசியதைக் கேட்டேன். ஏசப்பட்டவர் நீங்கள் என்பதை விசாரித்து அறிந்தேன். ஏச்சைச் சான்றாகக் கொள்வது முறையன்று. எனினும் ஏச்சுக்கும் ஒரு தொடக்கம் இருக்க வேண்டும். அதை அறிந்திருந்தால் எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இக்கடிதத்தை மூதூரிலிருந்து உங்கள் பக்கம் தயிர் வாங்க வரும் சரீப் என்பவர் கொண்டுவருவார். அவரிடமே பதிலைக் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
க. சோமசேகரம்


வெருகல்
02.11.2005

சோமசேகரம் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சரீப் நானா கொடுக்கும்போது, “இது அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரிக் கிடக்குது, காணியைக் கீணியைப் பறிக்கப் போறாங்களோ தெரியாது” என்று சொல்லித்தான் தந்தார். பயந்துகொண்டே பிரித்தேன். வாசித்த பிறகு சிரித்தேன். எங்கள் சண்டையை ஒட்டுக் கேட்டுவிட்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ஏசினது தெய்வானைப்பிள்ளை அக்கா. தாய்வழியில் ஒரே குடி என்பதால்தான் அக்கா என்கிறேன், வேறு ஒட்டு உறவு இல்லை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேதி வந்த காலத்தில் துறைமுகத்தில் வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்த எங்கள் குடிப் பெண் ஒருத்தி, துரைசாணியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோணியில் கொட்டியாரக் கரைக்கு ஓடிவந்தாள். அந்தப் பிள்ளை இங்கேயே வளர்ந்து கலியாணம் முடித்தது. அந்த வயிற்றில் வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் அம்மாவையும் அழவைத்தார்கள்.

உங்களுக்கு வேண்டியதை நான் தருகிறேன். எனக்கும் உங்களிடம் ஒன்று வேண்டும்.

என் மகள் கனகமணிக்கு இருபத்து மூன்று வயது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது கூடப் படித்த கதிராமனைத்தான் முடிப்பேன் என்று நிற்கிறாள். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அவன் அந்தத் தெய்வானைப்பிள்ளை அக்காவின் மகன். எங்கள் குடி. முகாமில் யார் யாரிடம் குடி கேட்டார்கள்? இப்போது ஊரில் என் மகளைப் பார்த்து, “அண்ணனைக் கட்டப் போறியாகா?” என்று கேட்கிறார்கள். குடித் தலைவர் என் சொந்த அண்ணன் மூத்ததம்பி. அவர் ஏலாது என்றால் ஏலாதுதான்.

கலியாணம் முடிக்காத பிள்ளைகளை இங்கே இப்போது வீட்டில் வைத்திருப்பது பெரும் பாடு. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வருகிறார்கள். முடித்தவர்களை விட்டுவிடுகிறார்கள். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நான் அண்ணனிடம் கேட்டேன்: “ஏசக்குள்ள நாங்க வெள்ளைச்சி, கலியாணத்துக்கு மட்டும் உங்கட குடியோ?” அவர் சொன்னார்: “கதை ஆருக்கும் கதைக்கலாம். நீ வெள்ளைச்சி வயிறு எண்டு காட்டு, மறுகா பாப்பம்.”

காட்ட உங்களால் முடியுமா ஐயா?

சிவகாமிப்பிள்ளை


திருகோணமலை
19.11.2005

மதிப்புக்குரிய அம்மா,

முடியும். முறையை விளக்குகிறேன்.

தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு இறங்கும் மரபணுக் கூறு ஒன்று உண்டு. மகளுக்கும் வரும், மகனுக்கும் வரும். ஆனால் மகனோடு அது நின்றுவிடும். மகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். இதை எனக்கு விளக்கிய டொரத்தி அம்மையாருக்கு நான் பதிலுக்கு எங்கள் கரையின் குடி விதியை விளக்கி எழுதினேன்: குடி தாயிடமிருந்து வரும்; ஆணுக்குக் குடி உண்டு, ஆனால் தன் பிள்ளைகளுக்கு அதை அவன் கொடுக்க முடியாது; ஒரு குடிக்குள் மணமுடிப்பது கிடையாது. “எங்கள் விஞ்ஞானிகள் நேற்றுக் கண்டுபிடித்ததை உங்கள் ஊர் எப்படி முன்பே அறிந்தது?” என்று கேட்டு அவர் பதில் எழுதினார். அவருக்கு வயது எண்பத்து மூன்று. மூத்த மகளின் வழியில் பெண் பெண்ணாக வந்தவர். அவர் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்.

அவர் அனுப்பிய பெட்டியை இத்துடன் இணைக்கிறேன். உள்ளே இருவருக்கான குச்சிகள் இருக்கின்றன. கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துக் குழாயில் இட வேண்டும். வெற்றிலை போட்ட வாயோடு செய்யக் கூடாது. ஒன்று உங்களுக்கு. மற்றையது தெய்வானைப்பிள்ளை அம்மாவுக்கு. உங்கள் வழி வேறு, அவர் வழி வேறு என்று காட்டினால்தான் உங்கள் அண்ணரின் கேள்விக்கு அது விடையாகும்.

ஒரு நிபந்தனை. முடிவு எதுவாயினும் அதை அப்படியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதற்குச் சம்மதமானால் மாத்திரம் குச்சியைத் தொடுங்கள்.

க. சோமசேகரம்


வெருகல்
12.12.2005

ஐயாவுக்கு,

சம்மதம்.

தெய்வானைப்பிள்ளை அக்காவைச் சம்மதிக்க வைத்த கதையை நீங்கள் கேட்க வேண்டும். “என்ட வாய்க்குள்ள கையை விட உனக்கென்ன துணிவுகா?” என்று கத்தினாள். “உங்கட மகன்ட கலியாணம் அக்கா” என்றேன். “அதுக்கு என்ட வாய் என்னத்துக்கு?” “உங்கட வாயால வந்த வினை அக்கா, வாயாலதான் தீர்க்க வேணும்.” கதிராமன் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டான். அவனுக்காக வாயைத் திறந்தாள். ஆனால் வெற்றிலையை விடச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நான் எழுந்து போகும்வரை பாக்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சரீப் நானாவின் தயிர்ச் சட்டிகளுக்கு நடுவே குழாய்கள் வருகின்றன. கட்டைபறிச்சான் காவலரணில் இது என்னவென்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். “பொம்புளையளிர துப்பல் எண்டு சொன்னா என்னைப் பைத்தியம் எண்டெல்லோ பிடிச்சு வைப்பாங்க” என்றார்.

முடிவு வரும்வரை என் மகளை வெளியே விடாமல் வைத்திருக்கிறேன். கெதியாக எழுதுங்கள்.

சிவகாமிப்பிள்ளை


திருகோணமலை
17.04.2006

மதிப்புக்குரிய அம்மா,

முடிவு சென்ற கிழமை கிடைத்தது. நகரத்தில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்து, அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் உடனே எழுத இயலவில்லை.

முதலாவது: உங்கள் தாய்வழி ஐரோப்பாவுக்குரியது. டொரத்தி அம்மையாருடையதோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. கிளாரா இறக்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு வருடங்களாக ஒரு குடும்பம் இறந்துவிட்டதாக எண்ணிய பிள்ளையின் வழியில் வந்தவர் நீங்கள். இதை வாசித்தபோது நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அம்மையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், “அவள் என்ன பாஷையில் வளர்ந்தாள்?” என்று மட்டும் கேட்டார். தமிழ் என்றேன்.

இரண்டாவது: தெய்வானைப்பிள்ளை அம்மாவின் தாய்வழியும் அதுவே. எழுத்துக்கு எழுத்து அதுவே. உங்களை ஏசியவரும் அதே வயிற்றில் வந்தவர். கிளாராவுக்கோ அவளுடைய மகளுக்கோ ஒரு மகள் அல்ல, இருவரேனும் இருந்திருக்க வேண்டும். ஒருத்தியின் வழி மறக்கப்பட்டிருக்கிறது.

இது நீங்கள் எதிர்பார்த்த விடை அல்ல என்பதை அறிவேன். வருந்துகிறேன்.

க. சோமசேகரம்


வெருகல்
06.05.2006

ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் இன்னும் அண்ணனிடம் காட்டவில்லை. கனகமணிக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள், “அப்ப நாங்க ரெண்டு பேரும் உண்மையாவே ஒரு வயிறாம்மா?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். அன்று சாப்பிடவில்லை.

வானத்திலிருந்து குண்டு போட்ட பிறகு இங்கே நிலைமை வேறு. பக்கத்து வளவில் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதிராமன் வயலில் படுக்கிறான்.

நான் சுற்றி வளைத்துக் கதைக்க மாட்டேன். உங்களிடம் ஒரு வரி கேட்கிறேன். எனக்கு எழுதிய முதலாவது அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில், தெய்வானைப்பிள்ளையின் வழி வேறு, இந்த நாட்டு வழி என்று எழுதித் தாருங்கள். உங்கள் முத்திரையோடு வேண்டும். அண்ணன் உங்கள் எழுத்தை நம்புவார். இங்கிலாந்தில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஒரு வரி ஐயா. இரண்டு பிள்ளைகளின் உயிர்.

சிவகாமிப்பிள்ளை


திருகோணமலை
20.05.2006

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அந்த வரியை என்னால் எழுத முடியாது.

என்னுடைய தொழில் எல்லைக் கல் நடுவது. கல்லை ஒரு முழம் தள்ளி நட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று எத்தனையோ பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். சிலர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. ஒருமுறை தள்ளி நட்டவனின் மற்றெல்லாக் கல்லும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். உங்கள் தாய்வழியைப் பற்றி நான் எழுதியதை உங்கள் அண்ணர் நம்ப வேண்டுமாயின், மற்றையதையும் அவர் நம்பும்படியாகத்தான் எழுத வேண்டும்.

மன்னிக்கவும். வேறு வழி உண்டா என்று யோசிக்கிறேன். அதற்கு எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் குடி கிடையாது. குடியில்லாத பிள்ளை எப்படிக் குடிக்குள் வந்தது?

க. சோமசேகரம்


வெருகல்
01.06.2006

அளவையாளர் ஐயாவுக்கு,

உங்கள் கல் நேராக நிற்கட்டும். அதற்குப் பக்கத்தில் யார் விழுந்தால் உங்களுக்கென்ன?

உண்மையான கடிதத்தையே அண்ணனிடம் கொடுத்தேன். தெய்வானைப்பிள்ளை அக்காவையும் கூப்பிட்டு வாசித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததை என் வாழ்நாளில் முதல்தடவை பார்த்தேன். பிறகு மெல்ல, “அப்ப நானும் வெள்ளைச்சியோ, சிவகாமி?” என்று கேட்டாள். “ஓம் அக்கா, கண்ணாடியில பாருங்க” என்றேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அண்ணனுக்குத்தான் கொண்டாட்டம். “நான் சொன்னதுதானே, ஒரு வயிறு. குடிக்குள்ள கலியாணம் இல்ல.”

உங்கள் கேள்வியையும் கேட்டேன், இனி என்ன பிரயோசனம் என்று தெரியாமலே. அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “ஆயாக்காரி அந்தப் பிள்ளையை முருகன்ட முன்னால இருத்தி, சங்கால பால் பருக்கினவ. அவட தமையன் பக்கத்துல நிண்டவர். குடியாக்கள் எல்லாரும் அங்கேயே சோறு திண்டவங்க. அண்டையோட அது எங்கட குடி. ரத்தம் ஆருட எண்டாலும் பால் எங்கட பால்.”

அவ்வளவுதான். இனி எழுத வேண்டாம்.

சிவகாமிப்பிள்ளை


திருகோணமலை
10.06.2006

மதிப்புக்குரிய அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் வாசித்துவிட்டு நெருப்பில் போடலாம்.

உங்கள் அண்ணர் ஒரு விதியைச் சொல்லியிருக்கிறார். தாம் விதி சொல்கிறோம் என்பதை அவர் கவனிக்கவில்லை.

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அது வளர்ப்பு. ஆனால் கிளாராவுக்கு நான்கு வயது. டொரத்தி அம்மையாரின் குடும்பத்தில் மூன்று பிள்ளைகளின் பிறந்த நாளும் பேணப்பட்டிருக்கிறது, அதில் ஐயமில்லை. சோறு தின்னும் பிள்ளை அவள், ஓடித் திரியும் பிள்ளை. அவளுக்குச் சங்கில் பால் பருக்கியது பசிக்கு அல்ல. குடியில்லாதவளைக் குடிக்குள் எடுக்கும் சடங்கு அது. ஆகவே பால்குடி மறந்த வயதிலும் பாலால் குடி மாறும். உங்கள் குடியில் ஒரு வயிறு முழுவதும் இந்த விதியினால் மட்டுமே நிற்கிறது. அதை இப்போது சோதனையும் நிறுவியிருக்கிறது. அந்தச் சடங்கு செல்லாது என்று அண்ணர் சொல்வாராயின், நீங்களும் தெய்வானைப்பிள்ளை அம்மாவும் அவரும் குடியற்றவர்கள். குடித் தலைவராகவும் அவர் இருக்க முடியாது. செல்லும் என்றால், இன்னொரு பெண்ணுக்கும் அது செல்லும்.

என் தங்கை குணமணி கட்டைபறிச்சானில் இருக்கிறாள். எங்கள் குடி வேறு. பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை, அண்ணருக்கு நேரில் சொல்வேன். குணமணிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நான் மணமுடிக்கவில்லை, முடித்திருந்தாலும் பயனில்லை. எங்கள் தாயின் வழி குணமணியோடு முடிகிறது. கனகமணிக்குப் பால் பருக்கி மகளாக எடுப்பாளா என்று நேற்று அவளிடம் கேட்டேன். “எனக்கொரு பொம்புளைப் பிள்ளை கிடைக்குமெண்டால் நான் நடந்தே போவன் அண்ணா, நீங்கள் சட்டம் கதைச்சு முடியுங்கோ முதல்ல” என்றாள்.

கேட்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் நான் மறைக்கக் கூடாது. கனகமணி உங்கள் குடியை விட்டுப் போவாள். அவள் பெறும் பிள்ளைகளும் உங்கள் குடியாக இருக்க மாட்டார்கள்.

க. சோமசேகரம்


வெருகல்
24.06.2006

சோமசேகரம் ஐயாவுக்கு,

கடிதத்தை நெருப்பில் போடவில்லை.

அண்ணன் இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நாலு வயசெண்டு ஆர் சொன்ன?” என்றார். சொன்னேன். “இந்த மனுசன் என்னை என்ட கயித்தாலயே கட்டிப்போட்டான்” என்றார். கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். “மூத்ததம்பி குடியில்லாதவனாம். கேட்டியா புள்ள? அளவையாளர் அளந்து போட்டார்!”

பிறகு சொன்னார்: “வரச் சொல்லு. ஆனா முறை முறைதான். பால் பருக்கிறவட தமையன் பக்கத்துல நிக்க வேணும். அண்டைக்கு அப்பிடித்தான் நடந்தது.” ஆனி முடியமுன் செய்ய வேண்டும், ஆடி பிறந்தால் கலியாணம் இல்லை. குடியாட்களுக்குச் சோறு நாங்கள் ஆக்குகிறோம்.

விலையைப் பற்றி எழுதினீர்கள். அன்று கனகமணியின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். “நான் உங்கட குடி இல்லையெண்டா நீங்க எனக்கு ஆரம்மா?” என்று கேட்டாள். பின்னலை இறுக்கிக் கட்டினேன், “நோகுது” என்றாள். எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள். பால் குடித்தாலும் அந்தக் குச்சியில் எடுத்தது மாறாதுதானே?

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். சரீப் நானா இனி வரமாட்டாராம், கடைசித் தடவை என்று இதைக் கொண்டுபோகிறார். கட்டைபறிச்சானுக்கு அங்கால் ஒரு நாள் விடுகிறார்களாம், ஒரு நாள் விடமாட்டார்களாம். நீங்கள் வராவிட்டால் நான் குறை நினைக்க மாட்டேன். முன்பு எழுதிய கடிதத்துக்கு மன்னியுங்கள்.

சிவகாமிப்பிள்ளை


திருகோணமலை
02.07.2006

அன்புள்ள சிவகாமிப்பிள்ளைக்கு,

இதைச் சரீப்பின் மைத்துனர் மூலம் அனுப்புகிறேன். நான் முந்துகிறேனோ, கடிதம் முந்துகிறதோ தெரியாது.

மாறாது. எந்தச் சடங்கும் அதை மாற்றாது. கனகமணியின் பேத்திக்கும் அவளுடைய பேத்திக்கும் உங்களிடமிருந்து போனதே போகும். குடி எங்களுடையதாகும், வயிறு உங்களுடையதாகவே இருக்கும். மகளுக்குச் சொல்ல இந்தப் பதில் போதுமானது என்று நினைக்கிறேன். டொரத்தி அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாராவுக்குப் பால் கொடுத்த பெண்ணின் பெயர் என்னவென்று கேட்கிறார். தெரியாது என்றேன். விசாரிக்க வேண்டும். தெய்வானைப்பிள்ளை அம்மாவைக் கேட்டு வையுங்கள். ஏசுவதற்கென்றாலும் அவர் பழைய பெயர்களை நினைவில் வைத்திருப்பார்.

அலுவலகத்தில் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் “மருமகளின் திருமணம்” என்று எழுதினேன். எழுதிய பிறகு சிறிது நேரம் அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அது உண்மை அல்ல. என் தங்கை பால் பருக்கி, நான் பக்கத்தில் நின்று, உங்கள் குடியார் சோறு உண்டு எழுந்த பின்புதான் உண்மையாகும். ஐம்பது வருடத்தில் முதல் முறையாக, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆகவே அதை நடத்திக் காட்டுவது என் கடமை.

நாளை மூதூருக்குக் கடக்கிறேன். படகு விடாவிட்டால் கிண்ணியாவால் சுற்றி வருவேன். கட்டைபறிச்சானில் குணமணியை ஏற்றிக்கொண்டு அடுத்த நாள் விடியப் புறப்படுகிறோம். திருப்பி அனுப்பினால் மறுநாளும் போவோம். எங்கே போகிறீர்கள் என்று காவலரணில் கேட்டால், என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்று சொல்லப்போகிறேன்.

சோமசேகரம்